சந்திப்பில் ஐந்து மீட்டர்

நெதர்லாந்துச் சாலை ஒன்றில் சைக்கிள்காரர் நேராகப் போகிறார். அவருக்குப் பக்கத்தில் அதே திசையில் வரும் லாரி வலதுபுறம் திரும்புகிறது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்தாலும் அந்த நொடியில் சைக்கிள் கண்ணாடியில் விழாத இடத்தில் இருக்கிறது. லாரியின் முன்பகுதி தாண்டிவிடும், பின்சக்கரம் உள்வாங்கி வரும். நகரச் சாலையில் சைக்கிள்காரருக்கு நேரும் மிகக் கொடிய விபத்துகளில் இதுவும் ஒன்று. நெதர்லாந்தில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் அங்கே வலது திருப்பத்தில் நடக்கிறது, நம் ஊரில் இடது திருப்பத்தில். கீழே வரும் விவரங்கள் எல்லாம் நெதர்லாந்துச் சாலையைப் பற்றியவை. நம் சாலைக்கு இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு விபத்தைத் தடுக்க டச்சுப் பொறியாளர்கள் கண்ட வழி, எச்சரிக்கைப் பலகையை நம்பியதல்ல. சைக்கிள் பாதையின் போக்கையே மாற்றினார்கள். சந்திப்பை நெருங்கும்போது பாதை பிரதான சாலையை விட்டு மெல்ல விலகி வளைகிறது. குறுக்குச் சாலையைக் கடக்கும் இடம் பிரதான சாலையின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உள்ளே தள்ளி அமைகிறது. அதாவது ஒரு கார் நிற்கும் நீளம். இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. திரும்பும் கார் அந்த இடத்துக்கு வருவதற்குள் முக்கால்வாசி திரும்பி முடித்திருக்கும். ஆகவே சைக்கிள் பக்கக் கண்ணாடியில் இல்லை, முன் கண்ணாடிக்கு நேரே தெரிகிறது. அடுத்து, கார் அந்த 5 மீட்டருக்குள் நின்று வழிவிடலாம். பின்னால் வருபவர் ஹார்ன் அடித்து நெருக்க வேண்டியதில்லை.

மூலையில் ஒரு சிறிய கான்கிரீட் திட்டு இருக்கும். சைக்கிள் பாதைக்கும் திரும்பும் காருக்கும் இடையில் நிற்பது அதுதான். அதன் வளைவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு மெதுவாகத்தான் கார் திரும்ப முடியும். சிவப்பு விழுந்தால் சைக்கிள்காரர் திட்டின் முன்னால், கார்களின் நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்பார். டிரைவருக்கு அவர் முழுதாகத் தெரிவார், பச்சை விழுந்ததும் அவரே முதலில் நகர்வார். வலப்பக்கம் திரும்பும் சைக்கிளுக்குச் சிக்னலே கிடையாது, திட்டுக்குப் பின்னாலேயே போய்விடலாம்.

இதில் தவறு நேரும் இடங்கள் உண்டு. 5 மீட்டருக்குப் பதிலாக 10 மீட்டர் தள்ளினால் டிரைவர் திருப்பம் முடிந்ததென்று வேகம் எடுத்துவிடுவார். ஒரு மீட்டர் மட்டும் தள்ளினால் சைக்கிள் மறுபடியும் கண்ணாடியின் மறைவிடத்துக்குள் விழுகிறது. அளவு சரியாக இருந்தும், திட்டின் மேல் விளம்பரப் பலகையோ, புதராக வளரும் செடியோ, நிறுத்தப்பட்ட வேனோ வந்தால் எல்லாம் வீண். பஸ்ஸும் லாரியும் திரும்ப இடம் வேண்டும் என்று சொல்லித் திட்டையே சிறிதாக்குவது இன்னொரு பிழை. அதற்கு வேறு வழி இருக்கிறது. திட்டின் வெளி ஓரத்தைத் தாழ்வாக, கரடுமுரடான கல் பதித்து அமைக்க வேண்டும். பெரிய வண்டியின் பின்சக்கரம் அதன் மேல் ஏறிப் போகும். கார்க்காரர் அந்தக் குலுக்கலுக்கு அஞ்சி உள்வளைவைத் தொட மாட்டார்.

சிக்னல் உள்ள இடங்களில் சைக்கிளுக்கெனத் தனி விளக்கு. நெதர்லாந்தின் வடக்கே உள்ள குரோனிங்கன் நகரில் பல சந்திப்புகளில் நான்கு பக்கச் சைக்கிள்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழும், அப்போது எல்லா வண்டிகளுக்கும் சிவப்பு. பார்ப்பதற்குக் குழப்பமாகத் தோன்றினாலும் சைக்கிள்காரர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து விலகிப் போகிறார்கள். மழை பெய்தால் சைக்கிளுக்குப் பச்சையைச் சீக்கிரம் தரும் உணரிகளும் அங்கே உண்டு. நனைந்துகொண்டு நிற்பவர் சிவப்பை மீறுவார் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது.

சின்னத் தெருக்கள் வந்து சேரும் இடத்துக்குச் சிக்னல் தேவையில்லை. நடைபாதையும் சைக்கிள் பாதையும் அதே உயரத்தில், அதே கல்லோடு, அதே சிவப்புத் தாரோடு தெருவாயின் குறுக்கே தொடர்ந்து போகும். கார்தான் சரிவான கல்லின் மேல் ஏறிக் கடந்து இறங்க வேண்டும். சட்டப்படியும் அங்கிருந்து வெளியே வருபவர் நடப்பவர் உட்பட எல்லோருக்கும் வழிவிட வேண்டும். இதை அரைகுறையாகச் செய்தால் ஆபத்து. தெருவின் கருந்தார் குறுக்கே ஓடி, சைக்கிள் பாதை அங்கே அறுந்து நின்றால், கார்க்காரர் முன்னுரிமை தனக்கென்றே நினைப்பார். அதன் மேல் எத்தனை சைக்கிள் படம் வரைந்தாலும் அந்த எண்ணம் மாறாது.

எல்லாத் தெருவிலும் தனிப் பாதை போட வேண்டும் என்பதல்ல. வேகம்தான் அளவுகோல். கார்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் குடியிருப்புத் தெருவில் கலந்தே போகலாம். 50 கிலோமீட்டர் என்றால் பிரித்தாக வேண்டும். 1971-இல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகே இந்த மாற்றங்கள் வந்தன. குரோனிங்கன் 1977-இல் தன் மையப்பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேரே போக முடியாது, சுற்றுச்சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். சைக்கிளில் நேரே போகலாம். கார் குறைந்த தெருவுக்குத் தனிப் பாதை கட்டும் செலவே இல்லை.

அகலத்துக்கு வருவோம். ஒருவழிச் சைக்கிள் பாதை குறைந்தது 2 மீட்டர். கூட்டம் மிகுந்தால் 3, இன்னும் மிகுந்தால் 4. சைக்கிளின் கைப்பிடி அகலம் 75 சென்டிமீட்டர் அளவில் இருக்க, 2 மீட்டர் எதற்கு என்று கேட்பார்கள். எந்தச் சைக்கிளும் கோடு போட்டதுபோல் போவதில்லை, சற்று ஆடித்தான் போகும். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டும், பின்னால் வருபவர் தாண்டவும் வேண்டும். வரைபடத்தில் 2 மீட்டர் காட்டி, அதற்குள்ளேயே விளக்குக் கம்பத்தை நட்டால் கையில் மிஞ்சுவது ஒன்றரை மீட்டர்கூட இல்லை. செங்குத்தான ஓரக்கல்லும் அகலத்தைத் தின்கிறது. மிதி அதில் இடித்துவிடுமோ என்று ஓட்டுபவர் விலகியே போவார். அதனால்தான் நல்ல பாதைகளில் ஓரக்கல் தாழ்வாக, சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் தவறி ஏறினாலும் ஆள் விழுவதில்லை.

கார் நுழையாமலிருக்கப் பாதையின் நடுவில் நடும் தடுப்புக் கம்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் விலகுவார், பின்னால் வருகிறவர் கம்பத்தைக் காணும்போது நேரம் கடந்திருக்கும். வயதானவர்கள் இப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறார்கள். கார் உண்மையில் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் பிடுங்கிவிட வேண்டும். தவிர்க்கவே முடியாத இடத்தில் கம்பத்துக்கு முன்னும் பின்னும் மேடான வெள்ளைக் கோடு நீளமாக இருக்க வேண்டும், சக்கரம் அதிரும்போது கண் எச்சரிக்கையாகும். பஸ் நிறுத்தத்தில் பாதை நிறுத்தத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். கார் நிறுத்தும் வரிசைக்கும் பாதைக்கும் நடுவே கதவு திறக்குமளவு இடைவெளி வேண்டும்.

தளத்துக்குத் தாரே சிறந்தது. பதித்த கற்கள் மரவேரால் கிளம்பி ஒவ்வொன்றாய்த் தலைதூக்கும். சிவப்பு நிறத்தை மேலே பெயிண்டாக அடித்தால் தேயும், மழையில் வழுக்கும். நெதர்லாந்தில் நிறமியை மேல் அடுக்குத் தாரிலேயே கலந்துவிடுகிறார்கள்.

பாதையை மோட்டார் வண்டி பிடித்துக்கொள்ளும் தொல்லை அங்கேயும் இருந்தது. ஆம்ஸ்டர்டாம் 2019 ஏப்ரலில் சுற்றுச்சாலைக்கு உட்பட்ட பகுதியில் நீல எண்பலகை ஸ்கூட்டர்களை (மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதியில்லாத சிறிய வகை) சைக்கிள் பாதையிலிருந்து பொதுச் சாலைக்கு மாற்றி, ஹெல்மெட்டையும் கட்டாயமாக்கியது.

பாதை திறந்த பின் ஒரு மாதம் கழித்துச் சந்திப்புக்குப் போய்த் தரையைப் பாருங்கள். மூலைத் திட்டின் மேல், கரடுமுரடான கல்லையும் தாண்டி டயர்த் தடம் இருந்தால் வளைவு லாரிக்குப் போதவில்லை. ஓரக்கல்லில் மிதி உரசிய கீறல்கள் இருந்தால் பாதை அங்கே குறுகல். புல்லின் குறுக்கே சைக்கிள்கள் போட்ட ஒற்றையடித் தடம் தெரிந்தால், வளைவு தேவைக்கு மேல் சுற்றுகிறது. பள்ளி விடும் நேரத்தில் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும்.