கேம் நடுவில் கணினி அணைவது ஏன்? புது எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் ஒரு கணக்கு

"படம் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. கேம் போட்டால் பத்தே நிமிடம், பெரிய சண்டைக் காட்சி வந்ததும் பொட்டென்று அணைந்துவிடுகிறது. 550 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. கணக்குப் போட்டால் 450 வாட்கூட வரவில்லை. இனி எத்தனை வாட் வாங்குவது?"

கேமிங் கணினி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. கேட்பவரின் கணக்கில் தப்பில்லை. ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டுக்கு 320 வாட், கேம் ஓடும்போது கோர் ஐ5 12400எஃப் பிராசஸருக்கு ஏறக்குறைய 65, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 50. ஆக 435 வாட். சுவர் பிளக்கில் வாட் மீட்டர் மாட்டினாலும், எஸ்எம்பிஎஸ் வெப்பமாக இழப்பதையும் சேர்த்து 500 வாக்கில்தான் காட்டும். ஆனால் அந்த மீட்டர் காட்டுவது சராசரி. கணினியை அணைப்பது, அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு (ஒரு மில்லிசெகண்ட்).

கிராபிக்ஸ் சிப்பின் மின்செலவு மூன்றைப் பொறுத்தது: எத்தனை டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குகின்றன, எந்த மின்னழுத்தத்தில், எவ்வளவு வேகத்தில். நொடிக்கு 100 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு 10 மில்லிசெகண்ட். அதற்குள்ளேயே ஒரு கணம் சிப் முழுவதும் உழைக்கும், அடுத்த கணம் பாதி சிப் வேலைக்காகக் காத்திருக்கும். காத்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும்போது, 320 வாட் கார்டு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைந்த நேரத்துக்கு 450 வாட்டைத் தாண்டும். அது அடங்கிய பிறகுதான் கார்டின் சொந்தக் கட்டுப்பாடு விழித்து வேகத்தைக் குறைக்கும்.

இந்தத் திடீர்ப் பசியை யார் தீர்ப்பது? இங்குதான் எஸ்எம்பிஎஸ்ஸின் அழகு இருக்கிறது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழியை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பை ஒட்டியே மிளகு அளவில் மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) இருக்கின்றன. அவை டம்ளர். நானோசெகண்டுகளில் எழும் தாகத்தை அவை தீர்க்கும். டம்ளரை நிரப்புவது கார்டின் மீதுள்ள மின்னழுத்த ஒழுங்கி, அதாவது குடம். மைக்ரோசெகண்டுகள் அதன் பொறுப்பு. குடத்தை நிரப்புவது, கேபிளின் மறுமுனையில் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வெளியீட்டில் நிற்கும் மின்தேக்கிகள். அவை அண்டா. அண்டாவுக்கு மேலே மாடித் தொட்டி: எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கட்டைவிரலைவிடப் பருமனாக, 390 வோல்ட் அளவில் நிரம்பி நிற்கும் ஒரே பெரிய மின்தேக்கி.

தெருக்குழாய் எது? மின்வாரியத்தின் 230 வோல்ட். அது மாறுமின்னோட்டம் என்பதால் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. தெருக்குழாய் நொடிக்கு நூறு முறை நின்று நின்று வருகிறது, கடைசியில் இருக்கும் டம்ளருக்கு அது தெரிவதே இல்லை.

அண்டாவின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெளியீட்டில் 5000 மைக்ரோஃபாரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் 5 சதவீதம் வரை, அதாவது 11.4 வரை இறங்கலாம். அந்த 0.6 வோல்ட் சரிவில் அண்டா தருவது 3 மில்லிகூலும் அளவு மின்னூட்டம். கார்டு திடீரென 150 வாட் கூடுதலாகக் கேட்டால் 12.5 ஆம்பியர் கூடுதல். மூன்றை 12.5ஆல் வகுத்தால் 0.24 மில்லிசெகண்ட். அதற்குள் எஸ்எம்பிஎஸ்ஸின் கட்டுப்பாட்டுச் சுற்று சரிவை உணர்ந்து, நொடிக்கு லட்சம் முறை வாக்கில் திறந்து மூடும் மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) வழியே மாடித் தொட்டியிலிருந்து கூடுதலாக இறக்கியாக வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் இதைச் செய்துவிடும். ஐந்தாறு ஆண்டு சூட்டில் கிடந்த பழையதில் மின்தேக்கிகளின் கொள்ளளவு குறைந்திருக்கும், உள்மின்தடை ஏறியிருக்கும். அண்டா சுருங்கி, அதன் வாயும் குறுகிவிட்டது. சரிவு எல்லை தாண்டும். உடனே எஸ்எம்பிஎஸ், மதர்போர்டுக்குச் சாம்பல் நிற ஒயரில் அனுப்பிக்கொண்டிருக்கும் 'மின்சாரம் சரியாக இருக்கிறது' என்ற சிக்னலை நிறுத்தும், மதர்போர்டு ரீசெட் ஆகும். மின்னோட்டமே அளவு மீறினால் பாதுகாப்புச் சுற்று ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். பின்பக்க ஸ்விட்சை அணைத்துச் சிறிது நேரம் விட்டுப் போட்டால்தான் உயிர் வரும்.

அதனால் புதிது வாங்குமுன் ஒரு சோதனை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து, அதே காட்சியை அரை மணி நேரம் ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது வலுக்கிறது. நிற்காவிட்டால் பிராசஸர் சூடு, ரேம் பக்கம் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவன்ட் வியூவர்) 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

இந்த மில்லிசெகண்ட் சிக்கலுக்கு இன்டெல் வெளியிடும் ஏடிஎக்ஸ் தரவரையறை 2022இல் பதில் சொன்னது. ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் 16 முனை கார்டு இணைப்போடு வரும் எஸ்எம்பிஎஸ், 100 மைக்ரோசெகண்டுக்குத் தன் வாட்டைப் போல இரு மடங்கும், 1 மில்லிசெகண்டுக்கு 180 சதவீதமும், 10 மில்லிசெகண்டுக்கு 160 சதவீதமும் அணையாமல் தாங்க வேண்டும். ஒரு 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒரு கணத்துக்கு 1500 வாட் தாங்கும் என்று அர்த்தம். பெட்டியில் முதலில் தேட வேண்டியது இந்த 3.0 அல்லது 3.1 என்ற எண்ணைத்தான். வாட் அதற்குப் பிறகு.

வாட்டுக்கு என் கணக்கு எளிது. கார்டு நிறுவனம் சொல்லும் வாட், பிராசஸரின் அதிகபட்ச டர்போ வாட் (12400எஃப் என்றால் 117), மற்றதற்கு 60. கூட்டி ஒன்றரையால் பெருக்குங்கள். இங்கே 497, பெருக்கினால் 745. ஆக 750 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 115 வாட் கார்டு வைத்திருப்பவருக்குத் தரமான 550 தாராளம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 1200 வாட் வாங்குவது அந்தப் பணத்தில் கிடைக்கக்கூடிய தரத்தை இழப்பது.

வாட் நிஜமா என்பதற்கு லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் பெட்டியில் போட்ட வாட்டுக்கு மிக அருகில் வர வேண்டும். 62.5 ஆம்பியர் என்றால் 750 வாட். கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' பெட்டிகள் சிலவற்றில் 18 ஆம்பியர்தான் இருக்கும், அதாவது 216 வாட். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். திறன்காரணித் திருத்தச் சுற்று (ஆக்டிவ் பிஎஃப்சி, சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்க வைப்பது) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த ஸ்விட்ச் தேவையே இல்லை. தவறி 115இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால், இரு மடங்காக்கும் சுற்று 650 வோல்ட் உண்டாக்கி மின்தேக்கிகளை வெடிக்கச் செய்யும்.

மாடித் தொட்டிக்குத் திரும்புவோம். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் அதுதான் முக்கியம். 470 மைக்ரோஃபாரட் தொட்டி 390 வோல்ட்டிலிருந்து 300க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் 14.6 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒன்றரை மீட்டர் தூக்கும் ஆற்றல், அவ்வளவுதான். முழுச் சுமையில், 93 சதவீதத் திறனோடு 750 வாட் கொடுக்கும்போது அது 18 மில்லிசெகண்ட் தாங்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியை இந்த 14.6 ஜூல்தான் கடத்த வேண்டும். ஏடிஎக்ஸ் 3.1 முழுச் சுமையில் 12 மில்லிசெகண்ட் இருந்தால் போதும் என்கிறது. மின்வெட்டு உள்ள ஊருக்கு 17க்கு மேல் தாங்குவதைத் தேடுவது நல்லது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் அதிகம், எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காமல் போகலாம். சதுர அலை தரும் இன்வெர்ட்டரும் திருத்தச் சுற்றுள்ள எஸ்எம்பிஎஸ்ஸும் ஒத்துப்போவதில்லை. சைன் அலை இன்வெர்ட்டர்தான் வேண்டும்.

இந்தத் தாங்கும் நேரம் பெட்டியில் அச்சாவதில்லை. சைப்ரஸ் நாட்டின் சைபெனெடிக்ஸ் ஆய்வகம் மாடல் வாரியாக அளந்து இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. நம் பொறியியல் கல்லூரிகளின் மின்னணு ஆய்வகங்களில் அலைக்காட்டி இருக்கிறது, மின்சுமைக் கருவி வாங்குவது பெரிய செலவில்லை, இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் புராஜெக்ட் தேடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் விற்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்களை வாங்கி அளந்து தமிழில் வெளியிட ஒரு சிறு நிதி ஒதுக்கினால், எத்தனையோ குடும்பங்களின் பணம் வீணாகாது. இதையெல்லாம் ஆராய்ச்சி என்று மதிக்காத மனப்போக்கு எனக்கு வருத்தம் தருகிறது.

பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் ஏறும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 850 வாட் எஸ்எம்பிஎஸ் 850 வாட் இழுக்காது, கணினி கேட்டதைத்தான் தரும். பில்லைத் தொடுவது 80 பிளஸ் தரம், அதாவது சுவரில் இழுப்பதில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்ற சான்று. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் (வெண்கலத் தரம்) 85 சதவீதம், கோல்டு (தங்கத் தரம்) 90. நம் 230 வோல்ட்டில் இரண்டும் சற்றுக் கூடும். கணினி 400 வாட் கேட்டால் சுவரிலிருந்து பிரான்ஸ் 470, கோல்டு 444 இழுக்கும். தினம் 4 மணி நேரம் விளையாடினால் ஆண்டுக்கு 38 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் 300 ரூபாய். பில்லுக்காக மட்டும் கோல்டு வாங்கத் தேவையில்லை. சூடு குறைவது பெரிய லாபம்: மின்தேக்கியின் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 40 டிகிரி வெயில் காணும் ஊருக்கு, 50 டிகிரியில் முழு வாட் தரும் என்று எழுதியதையும் 105 டிகிரி வரை தாங்கும் மின்தேக்கிகளையும் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது பலர் இழப்பது எஸ்எஸ்டியை. கழற்றி மாட்டும் கேபிள்களில் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுத்தரம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில்கூட ஒயர் வரிசை மாறலாம். எஸ்எஸ்டிக்குப் போகும் பழைய சாட்டா கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஸ்விட்சைப் போட்ட நொடியில் டிரைவ் கருகும். பழைய கேபிள் அத்தனையையும் எடுத்துவிட்டுப் புதுப் பெட்டியில் வந்ததை மட்டும் போடுங்கள். கார்டில் 8 முனை இணைப்பு இரண்டு இருந்தால், ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டாமல் தனித்தனிக் கேபிள் இழுங்கள். 16 முனை இணைப்பைக் கார்டில் இடைவெளி தெரியாதவரை அழுத்துங்கள், முனையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை வளைக்காதீர்கள். 600 வாட்டில் அந்த இணைப்பின் 12 வோல்ட் தரும் ஆறு முனைகள் ஆளுக்கு 8.3 ஆம்பியர் சுமக்கின்றன. இரண்டு சரியாகத் தொடாவிட்டால் மீதி நான்கும் 12.5 சுமக்கும், ஒவ்வொன்றிலும் சூடு 2.25 மடங்கு ஏறும். பிளாஸ்டிக் உருகுவது அப்படித்தான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மாடித் தொட்டியில் உயிர் போகும் அளவு வோல்ட் நிற்கலாம்.

எல்லாம் மாட்டிய பின் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத ஓரத்தைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் கசிவை எர்த்துக்கு அனுப்புகின்றன. எர்த் இல்லாத பிளக்கில் அந்தக் கசிவு கேபினெட்டிலேயே தங்கி, 115 வோல்ட் வாக்கில் நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள், எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த மூன்று முனை பிளக்கின் எர்த்தைப் பாருங்கள்.