மஞ்சள் மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்

"அப்பாவுக்கு மறதி வராம இருக்க மஞ்சள் மாத்திரை கொடுக்கலாமா டாக்டர்?" நரம்பியல் மருத்துவரான என்னிடம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. சமையலில் மஞ்சள் இருக்கட்டும். மாத்திரை வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

மஞ்சளிலுள்ள குர்க்குமின், அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தோடு ஒட்டிக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மஞ்சள்தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். விழுங்கியதையும் குடலும் கல்லீரலும் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அல்சைமர் நோயாளிகளுக்குத் தினமும் 2 அல்லது 4 கிராம் குர்க்குமின் வீதம் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. நன்றாக உடலில் சேரும் வகையைக் கொடுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், டிமென்ஷியா (மறதி நோய்) இல்லாதவர்களின் ஞாபகசக்தி கூடியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 40 பேரே.

உடலில் சேர வேண்டும் என்பதற்காகப் பல மாத்திரைகளில் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் உடலுக்குக் கிடைக்கும் குர்க்குமின் சுமார் 20 மடங்கு கூடுவதை பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1998இல் காட்டியது. என் கவலையும் இங்கேதான். கல்லீரல் உடைத்து வெளியேற்ற வேண்டிய வேறு சில மருந்துகளையும் பைப்பரின் ரத்தத்தில் தேங்க வைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் அப்படிப்பட்டது. அதன் அளவு ஏறினால் தள்ளாட்டம், குழறல், மந்தம் வரும். வீட்டில் இருப்பவர்களோ வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு பயம் வேறு.

2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், இதைப் பலர் சொல்வதே இல்லை. இயற்கைதானே, மருந்தில்லையே என்ற எண்ணம். தயவுசெய்து டப்பாவையே எடுத்து வாருங்கள்.

அப்புறம், மறதி ஏற்கெனவே தொடங்கியிருந்தால் முதலில் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதியுங்கள். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். அதனால் வந்த மறதியை, சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். சரியாகக் காது கேட்காததும் மறதிபோலத் தெரியலாம்; காது மந்தமாக இருந்தால் அதையும் காட்டுங்கள்.