ஒரே கோப்பையில் சோறு வைத்தால் பூனைகள் ஒற்றுமையாகிவிடுமா?

வாலடியில் வீங்கிய பூனையை மேசையில் வைத்துவிட்டு, "காயம் ஒண்டும் இல்லை டொக்டர், திடீரெண்டு வீங்கிப்போச்சு" என்று சொல்பவர்கள் அண்மைக்காலமாக அதிகரித்துவிட்டார்கள். மயிரை மழித்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல இரண்டு சிறு துளைகள் தெரியும். மேலே தோல் மூடியிருக்கும், உள்ளே சீழ் நிறைந்திருக்கும். கடிபட்டுச் சில நாட்கள் சென்ற பின்னரே வீக்கம் வெளியே தெரிவதால், பழி எப்போதும் மதிலில் திரியும் ஊர்க் கடுவன்மீதே விழுகிறது. வீட்டில் வேறு பூனை இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கு, ஆனா ரெண்டும் நல்ல ஒற்றுமை, ஒரே கோப்பையிலதான் சாப்பிடுதுகள்" என்ற பதில் வரும்.

அந்தக் கோப்பைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. சோற்றைக் குழைத்து, உருட்டி, ஒரே சட்டியிலிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்துப் பழகிய நமக்குச் சேர்ந்து உண்பது உறவை வளர்க்கும் செயல். பூனைக்கு அது அப்படியன்று. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆபிரிக்கக் காட்டுப்பூனை, எலியையும் சிறு பறவைகளையும் தனியே பிடித்துத் தனியே தின்று வாழ்வது. ஓர் எலி ஒரு பூனையின் வயிற்றுக்கே போதாதபோது பங்கிடும் பழக்கம் எங்கிருந்து வரும்? ஒன்றையொன்று நக்கிக்கொண்டு ஒரே கதிரையில் உறங்கும் பூனைகள்கூட, வசதி இருந்தால், விலகி நின்றே உண்ணும். தலையோடு தலை முட்டிக்கொண்டு அவை சூடைமீன் சோற்றைத் தின்பதற்குக் காரணம் பாசம் அல்ல, வேறு கோப்பை இல்லாமையே. அவ்வாறு உண்கையில் ஒன்று அவசரமாக விழுங்கிவிட்டுச் சத்தி எடுக்கும். மற்றது இரண்டு வாய் தின்றுவிட்டு விலகிப்போகும். வீட்டுக்காரர் அதற்குப் பசியில்லை என்று முடிவுகட்டிவிடுவார். தயவுசெய்து இரண்டு கோப்பைகளை, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத இரண்டு இடங்களில் வையுங்கள். தண்ணீருக்கும் அதே விதிதான். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளாயின் இரண்டுக்கு மூன்று மணல் தட்டுகள் வேண்டும். மூன்றையும் குளியலறை மூலையில் வரிசையாக அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒரே தட்டுத்தான்.

சத்தம் இல்லாததைச் சமாதானம் என்று கொள்வதும் தவறு. குசினி வாசலில் ஒரு பூனை கால்நீட்டிப் படுத்திருக்கும், கண்கள் பாதி மூடியிருக்கும். மற்றது விறாந்தையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இதைக் காண்பவர்கள் சாதுவான பூனை என்று மெச்சுவார்கள். அது வழிமறிப்பு. விளையாட்டில் மாறிமாறித் துரத்தும், நகங்கள் உள்ளே இருக்கும், சத்தம் அதிகம் எழாது. எப்போதும் ஒன்றே துரத்தி மற்றொன்றே ஓடி அலுமாரிக்கு மேல் ஒளிந்துகொண்டால் அது விளையாட்டல்ல.

"விட்டுவிட்டால் தாங்களே அடிபட்டுத் தீர்த்துக்கொள்ளும்" என்பதைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. தீர்த்துக்கொள்ளா. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கான பயத்தையே விட்டுச்செல்லும்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஒரு வீட்டார் கனடாவுக்கோ கொழும்புக்கோ புறப்படும்போதுதான் தொடங்குகிறது. அவர்களுடைய வளர்ந்த பூனை கோண்டாவிலிலுள்ள பெரியம்மா வீட்டுக்கு வந்து சேரும். வந்த அன்றே அங்குள்ள பூனையின் முன்னால் இறக்கிவிடப்படும். புதிய பூனையை முதலில் ஓர் அறையில் தனியே வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் போடுங்கள், ஏனெனில் பூனை மற்றதன் முகத்தைவிட மணத்தைத்தான் முதலில் அறிகிறது. மூடிய கதவின் இரு பக்கமும் தள்ளித்தள்ளி உணவு வைத்து, சீறாமல் உண்ணத் தொடங்கிய பின் கோப்பைகளைச் சிறிது சிறிதாகக் கதவை நோக்கி நகர்த்துங்கள். பிறகு வலைக்கதவின் ஊடாகப் பார்க்கவிடுங்கள். அதன்பின்னரே, நீங்கள் அருகில் இருக்கும்போது, சில நிமிடச் சந்திப்பு. இதற்கு வாரங்கள் செல்லும், சில பூனைகளுக்கு மாதங்கள். எத்தனை நாள் என்று என்னிடம் கேட்காதீர்கள், பயந்த பூனையைப் பாருங்கள். அது நிம்மதியாக உண்டால் அடுத்த படி, இல்லையென்றால் ஒரு படி பின்னால்.

நெடுங்காலம் ஒன்றாயிருந்தவையும் ஒரே நாளில் பகையாகலாம். எங்களிடம் வந்து மருந்து மணத்தோடு திரும்பும் பூனையை வீட்டிலிருப்பது அந்நியன் என்று எண்ணித் தாக்கும். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கடுவன்மேல் பாய முடியாத ஆத்திரம் பக்கத்திலிருக்கும் பூனையின் மேல் திரும்பும். அப்போதும் மருந்து அதே அறையும் கதவும்தான்.

சண்டைக்குள் கையை விடாதீர்கள். தடித்த காட்போட் மட்டையை இடையில் நுழையுங்கள், அல்லது போர்வையை எறியுங்கள். கடிபட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய் நாயால் மட்டும் பரவுவதல்ல. கடிபட்ட பூனைக்குப் பரசிட்டமோல் கொடுப்பவர்களிடம் மன்றாடியே கேட்கிறேன்: ஒரு குளிசையே அதைக் கொல்லப் போதும்.

கடுவனுக்கு ஐந்து, ஆறு மாத வயதில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் சண்டையும் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெருமளவு குறையும். "பாவம், அதின்ர ஆம்பிளைத்தனம்" என்று மறுக்கும் தகப்பன்மாரோடு வாதிட்டு எனக்குக் களைத்துவிட்டது. கடிகாயத்தின் வழியே பூனைகளின் எதிர்ப்புச்சக்தியை அழிக்கும் வைரசும் தொற்றும் என்பதையாவது அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஒடுக்கப்பட்டு வாழும் பூனைக்கு மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வரலாம், கடுவனாயின் குழாயே அடைபட்டுவிடலாம். மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லையென்றால், மலச்சிக்கல் என்று எண்ணி நல்லெண்ணெய் பருக்கிக்கொண்டிருக்காமல், இரவானாலும் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். விடியும்வரை காத்திருந்தால் காப்பாற்றுவது கடினமாகிவிடும்.