அவே மேட்ச் முடிச்சு வந்ததும் கெண்டைக்கால் வலிக்குதா? உருவி விடாதீங்க, முதல்ல இதைப் படிங்க

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை காலையில ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. ஃபுட்பால் பிளேயர், ஆப்பிரிக்காவுல இருந்து இங்க ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்கு ஒரு கிளப்புக்காக ஆட வந்த பொண்ணு. நியூசிலாந்துல ரெண்டு மேட்ச் ஆடிட்டு முந்தின நாள் ராத்திரிதான் வந்து இறங்கியிருக்கு. இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, ஸ்ட்ரெச் பண்ணவான்னு கேட்டுச்சு. நானும் பண்ணு, சரியாப் போகும்னு சொல்லி போனை வச்சிட்டேன். அதை இப்போ நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

நான் பிசியோதெரபிஸ்ட், ஊர் மதுரைப் பக்கம், இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கிளினிக்குக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் கிளப்ல ஆடுறவங்கதான். வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு பிளேயர்னா ஜாலியா ஊர் ஊரா பறக்குறாங்கன்னு தோணும். மேல் லெவல் டீம் தவிர மத்தவங்க எல்லாரும் எகானமி சீட்டுதாங்க, ஆறடி ரெண்டங்குலம் இருக்குற கோல்கீப்பர் நடு சீட்ல முழங்காலை மடக்கிட்டு உக்காந்து வருவாப்ல.

தூரம் எவ்வளவுன்னு சொன்னாதான் புரியும். ஆஸ்திரேலியாவோட ஏ-லீக் ஃபுட்பால்ல பெர்த் குளோரியும் நியூசிலாந்தோட வெலிங்டன் ஃபீனிக்ஸும் ஆடுற மேட்சுக்கு 'டிஸ்டன்ஸ் டெர்பி'ன்னே பேரு, ரெண்டு ஊருக்கும் நடுவுல கிட்டத்தட்ட 5,250 கிலோமீட்டர். ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, இந்தியாவோட வடக்கு தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான். அதுலயும் நேரடி ஃபிளைட் கிடையாது, சிட்னியோ மெல்பர்னோ ஆக்லாந்தோ எங்கயாவது இறங்கி ஏறணும். டிக்கெட் விலை குறைவுன்னு ராத்திரி ஃபிளைட்டா போட்டு, விடியக்காலையில ஏர்போர்ட் தரையில பேக்கை தலைக்கு வச்சுப் படுத்துட்டு அடுத்த ஃபிளைட்டுக்குக் காத்திருக்குறதெல்லாம் சின்ன கிளப்புகள்ல சகஜம்.

சரி, அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன். புதன்கிழமை நேர்ல வந்துச்சு. ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டேப் போட்டுப் பாத்தா இடது கெண்டைக்கால் சுத்தளவு வலதை விட மூணு சென்டிமீட்டருக்கு மேல ஜாஸ்தி, தொட்டா சூடு, அழுத்துனா குழி விழுது. அப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளிய வருது. ரெண்டாவது மேட்ச்ல கணுக்கால் பிசகி, அது அசையாம இருக்க மெடிக்கல் பூட் மாட்டி விட்டிருக்காங்க, அந்தப் பூட்டோடயே மறுநாள் ஃபிளைட்டு, ரெண்டு ஃபிளைட்டும் காத்திருந்ததும் சேர்த்து பதினாலு மணி நேரம், பாத்ரூம் போக சங்கடப்பட்டு தண்ணியே குடிக்கல, பீரியட்ஸ் பிரச்சினைக்காக ஹார்மோன் மாத்திரை வேற எடுத்துட்டு இருக்கு. இதுல எதையும் நான் போன்ல கேக்கவே இல்ல. ரூம்மேட் ரெண்டு நாளா, சதையை நீவி விடுற உருளை, அதான் ஃபோம் ரோலர் வச்சு அந்தக் காலை உருட்டு உருட்டுன்னு உருட்டியிருக்கா, பாசத்துலதான்.

அப்பவே எமர்ஜென்சிக்கு அனுப்புனேன். ஸ்கேன்ல ஆழமான ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்துச்சு. இதுக்கு டி.வி.டி.ன்னு பேரு, சினிமா டிவிடி இல்லீங்க. நம்ம ஊர்ல ரத்தக்கட்டுன்னு சொல்லி மஞ்சள் பத்து போடுவோமே, அதுவும் இல்ல. அது அடிபட்ட இடத்துல தோலுக்குக் கீழ ரத்தம் கசிஞ்சு நிக்கிறது. இது குழாய்க்கு உள்ளயே உறையுறது. அந்தக் கட்டி உடைஞ்சு நகர்ந்தா நேரா நுரையீரலுக்குப் போய் அடைக்கும், உசுருக்கே ஆபத்து. உருவி விடாதீங்கன்னு தலைப்புலயே கத்துனது அதுக்குத்தான்.

எல்லாரும் பயந்துடக் கூடாது, அதையும் சொல்லிடுறேன். 2007ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வுல, நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணா இந்த ரிஸ்க் ரெண்டுல இருந்து மூணு மடங்கு ஆகுதுன்னாங்க, ஆனா ஆரோக்கியமா இருக்குறவங்கள்ல அது சுமாரா 6,000 பேருக்கு ஒருத்தர்தான். ரொம்ப உயரமானவங்க, ஹார்மோன் மாத்திரை எடுக்குறவங்க, கொஞ்ச நாளைக்குள்ள திரும்பத் திரும்ப பறக்குறவங்க, இவங்களுக்கெல்லாம் கூடுதல்னும் அதே ஆய்வு சொல்லுது. இதைப் படிச்சா எனக்கு விளையாட்டுக்காரங்க ஞாபகம்தான் வருது. இதோட அடி, ஆபரேஷன், பூட், கட்டு சேர்ந்தா கணக்கே வேற. டென்னிஸ் செரீனா வில்லியம்ஸுக்கு பாதத்துல ஆபரேஷன் நடந்து சில மாசத்துல, 2011ல நுரையீரல்ல இந்த அடைப்பு வந்துச்சு. கூடைப்பந்து கிறிஸ் பாஷுக்கு 2015ல நுரையீரல்ல, 2016ல மறுபடி கால்ல, அதுக்கப்புறம் அவர் அமெரிக்காவோட என்.பி.ஏ. லீக்ல ஆடவே இல்ல.

பிளேயர்ஸ் விஷயத்துல டாக்டர்களே கோட்டை விடுற ஒரு இடம் இருக்கு. நுரையீரல்ல அடைச்சா இதயத் துடிப்பு எகிறும்னு பாடம். ஆனா நல்லா ஃபிட்டா இருக்குற ஆளுக்கு சும்மா இருக்கும்போது துடிப்பு 45தான் இருக்கும், அது 85 ஆனாலும் மெஷின் நார்மல்னுதான் காட்டும். அதனால உங்களோட வழக்கமான துடிப்பு என்னன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லணும். படி ஏறுனா மூச்சு வாங்குது, இழுத்து மூச்சு விட்டா நெஞ்சுல குத்துதுன்னா பயணக் களைப்புன்னு படுத்துடாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

ஃபிளைட்ல என்ன பண்றதுன்னு கேப்பாங்க. ஓரத்து சீட் கேட்டு வாங்குங்க, அடிக்கடி எழுந்து நடங்க, முடியலன்னா பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருங்க. ரிஸ்க் இருக்குறவங்க அளவு எடுத்து வாங்குன, காலை இறுக்கிப் பிடிக்குற கம்ப்ரஷன் சாக்ஸ் முட்டி வரைக்கும் போடுங்க. ஆஸ்பிரின் ஒண்ணு போட்டுக்கிட்டா போதும்னு ஒரு பேச்சு ஓடுது, பயணத்துக்காக அதை மருத்துவ கைட்லைன்ஸ் சிபாரிசு பண்றது இல்ல. தண்ணி குடிங்க, கேபின் காத்துல ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழ, காத்தழுத்தம் வேற 6,000ல இருந்து 8,000 அடி மலை மேல இருக்குற மாதிரி, அதாவது கிட்டத்தட்ட ஊட்டியில உக்காந்துட்டு வர்ற கணக்கு.

தூக்கம் இன்னொரு தலைவலி. பெர்த்துக்கும் வெலிங்டனுக்கும் கோடையில 5 மணி நேர வித்தியாசம். வெலிங்டன் டீம் இங்க வந்து சாயங்காலம் 6.45க்கு ஆடுனா அவங்க உடம்புக்கு அது ராத்திரி 11.45. நாம அங்க போனா காலை 8 மணி டீம் மீட்டிங் நம்ம உடம்புக்கு விடியக்காலை 3 மணி, கோச் சோம்பேறின்னு திட்டுவாரு, அந்தப் பையன் என்ன பண்ணுவான் பாவம். கிழக்கால போறதுதான் கஷ்டம், ஏன்னா நம்ம உடம்பு கடிகாரம் 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளமா ஓடுது, தள்ளிப் போடச் சொன்னா கேக்கும், முன்னாடி இழுத்தா முரண்டு பிடிக்கும். காலையில எழுந்ததும் வெயில்ல நின்னா சரியாயிடும்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா பெர்த்ல இருந்து போனவங்களுக்கு வெலிங்டன்ல முதல் நாள் 10 மணிக்கு (உடம்புக்கு அது விடியக்காலை 5 மணி) முன்னாடி வர்ற வெளிச்சம் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிடும், அதனால அது வரைக்கும் கூலிங் கிளாஸ், அப்புறம் வெளிய நடங்க. ரெண்டே நாள் ட்ரிப்புன்னா இந்த வேலையே வேண்டாம், முடிஞ்ச வரைக்கும் பெர்த் டைம்லயே தின்னு தூங்குங்க. தூக்கத்துக்குப் போடுற மெலடோனின் ஊக்கமருந்து தடைப் பட்டியல்ல இல்லதான், ஆனா ஆன்லைன்ல வாங்குற பாட்டில்ல வேற என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதே மாதிரி ஏர்போர்ட் மெடிக்கல்ல சளி மாத்திரை வாங்கும்போது மூக்கடைப்புக்குப் போடுற சூடோஎஃபெட்ரின் அதுல இருக்கான்னு பாருங்க, போட்டி நாள் டெஸ்ட்ல அளவு தாண்டுனா மாட்டுனீங்க.

வெளிநாட்டுல இருந்து வந்து ஆடுறவங்களுக்கு இதுக்கு மேலயும் இருக்கு. கூட ஆடுற ஆஸ்திரேலியாக்காரங்க பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு நியூசிலாந்துக்குள்ள போயிடுவாங்க, இவங்கள்ல பல பேருக்குத் தனி விசா. ஷூ அடியில ஒட்டுன மண்ணு, பேக்ல மறந்துபோன ஒரு ஆப்பிள், டிக்ளேர் பண்ணலன்னா அங்க 400 டாலர் ஃபைன். ஆனா எல்லாத்தையும் விட முக்கியம் இன்ஷூரன்ஸ். நியூசிலாந்துல வெளிநாட்டுக்காரங்களுக்குக் கூட விபத்துல அடிபட்டா அரசாங்கத்தோட ஏ.சி.சி. திட்டம் வைத்தியம் பாக்கும், அதனால கிளப்காரங்க கவலை வேண்டாம்பாங்க. கணுக்கால் பிசகுனது விபத்து, சரி. பயணத்துல ரத்தம் உறைஞ்சது வியாதிக் கணக்குல போயிடும், அதுக்கு உங்க பாலிசிதான் கை கொடுக்கணும். கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க, நோய்க்கும் சேர்த்து கவர் இருக்கா, பயணத்துல இருக்கும்போதும் இருக்கான்னு.

அந்தப் பொண்ணுக்கு மூணு மாசம் ரத்தத்தை இளக்குற மருந்து. அதுல இருக்கும்போது மோதி ஆடுற விளையாட்டே ஆடக் கூடாது, அதனால சீசன் போச்சு. வீட்டுல கிளப் காசை நம்பி இருக்குறதால ஊருக்கு மூணு வாரம் சொல்லவே இல்லையாம். போன்ல ஸ்ட்ரெச் பண்ணுன்னு சொன்னதுக்கு நான் மன்னிப்பு கேட்டேன், நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்கன்னுச்சு. இப்போ யாரு போன் பண்ணி கெண்டைக்கால் வலின்னாலும் மூணு கேள்வி கேட்டுட்டுதான் அடுத்த பேச்சு: எப்போ பறந்தீங்க, ஒரு கால் மட்டுமா, கட்டோ பூட்டோ மாத்திரையோ இருக்கா.

இந்த சீசன்ல மறுபடி ஆட ஆரம்பிச்சிடுச்சு. போன மாசம் சிட்னியில இருந்து வந்த கையோட ஒரு பையனை இழுத்துட்டு கிளினிக்குக்கு வந்து நிக்குது, அண்ணா இவன் காலைப் பாருங்கன்னு, 'அண்ணா' நான் சொல்லிக் கொடுத்தது. லேசா வீக்கம் இருந்துச்சு, டாக்டர்கிட்ட அனுப்பி ஸ்கேன் எடுத்தா வெறும் சதைப் பிடிப்பு. ஸ்கேன் காசை யாரு கட்டுறதுன்னு ரெண்டும் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்குதுங்க.