ஃபாலி: முட்டாள்தனமா, மொட்டையா?

எடின்பரோ நகரில் கால்டன் குன்றின் மேலே ஏறினால் 12 கல்தூண்கள் நிற்கின்றன. தூண்களின் தலையில் ஒரு வரிசை உத்திரக் கற்கள். அதற்கு மேல் வானம்தான். கூரை கிடையாது, பின்சுவர் கிடையாது, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் உள்ளே என்று ஒன்றுமே கிடையாது. ஏட்டில் இதற்குப் பெயர் ஸ்காட்லாந்தின் தேசிய நினைவுச்சின்னம். ஊர்வாயில் வேறு பெயர்கள்: எடின்பரோவின் அவமானம், ஸ்காட்லாந்தின் பெருமையும் வறுமையும், அப்புறம் எடின்பரோவின் ஃபாலி.

முதல் இரண்டையும் தமிழில் சொல்வதில் தொல்லை இல்லை. மூன்றாவதில் வரும் 'ஃபாலி' (folly) என்ற ஆங்கிலச் சொல்லில்தான் கால் தடுக்குகிறது. அகராதியைத் திறந்தால் மடமை, அறிவீனம், பேதைமை என்று வரும். அதை நம்பி 'எடின்பரோவின் முட்டாள்தனம்' என்று எழுதினால், படிப்பவர் கண்ணில் கட்டடமே படாது. மடமை ஆளிடம் இருக்கும் குணம். ஃபாலியோ வெயிலிலும் மழையிலும் நிற்கிற கல். குணத்தின் பெயர் கல்லுக்கு வந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே 'ஃபோலி' என்றால் பித்து, கிறுக்கு. ஆங்கிலத்தின் 'ஃபூல்' இதே வீட்டுப் பிள்ளை. இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'ஃபோல்லிஸ்' இருக்கிறது. பொருள், துருத்தி. கொல்லன் பட்டறையில் நெருப்பை ஊதுகிற அதே தோல் துருத்தி. உப்பிப் பெருத்துத் தெரியும், உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இருக்காது. வெற்றுப் பேச்சுக்காரனுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல முட்டாள் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. நாம் வெத்துவேட்டு என்கிறோம். நமக்கு உவமை வெடியிலிருந்து கிடைத்தது, அவர்களுக்கு உலைக்களத்திலிருந்து.

கட்டடத்தை இப்படி அழைக்கும் பழக்கம் நினைப்பதைவிடப் பழையது. 1228-இல், இங்கிலாந்தில் மன்னருக்கு அடுத்த நிலையில் இருந்த ஹியூபர்ட் டி பர்க், வேல்ஸ் எல்லைப் பக்கம் கெரி என்ற இடத்தில் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். வேல்ஸ்காரர்களுடன் நடந்த சண்டை அவருக்குச் சாதகமாகப் போகவில்லை. கோட்டை முடியாமலே கைவிடப்பட்டு இடிக்கப்பட்டது. அக்கால லத்தீன் வரலாற்றுக் குறிப்பு அதை 'ஹியூபர்ட்டின் மடமை' என்கிறது. ஆங்கிலத்தில் ஹியூபர்ட்டின் ஃபாலி. ஓர் ஆளின் பெயர், கூடவே இந்த வசவு. பெரிதாகத் தொடங்கி முடிக்க முடியாமல் போனவனை ஊர் கேலி செய்யும் முறை இது.

18-ஆம் நூற்றாண்டில் சொல் கொஞ்சம் இடம் மாறியது. பணக்கார நிலப்பிரபுக்கள் தங்கள் தோட்டங்களில், பார்த்து ரசிப்பதற்கென்றே பொய்க் கோபுரங்களும் செயற்கைப் பாழ்மண்டபங்களும் கட்டினார்கள். அவற்றுக்கும் ஃபாலி என்றுதான் பெயர். ஸ்காட்லாந்திலேயே டன்மோர் பிரபுவின் தோட்டத்தில் 14 மீட்டர் உயரத்துக்குக் கல்லில் ஓர் அன்னாசிப்பழம் இருக்கிறது. இலையின் நுனி வளைவு வரைக்கும் செதுக்கியிருக்கிறார்கள். கிறுக்குத்தான், ஆனால் முழுமையாக முடிந்த கிறுக்கு. இன்று கட்டடக்கலைப் புத்தகங்களில் ஃபாலி என்றால் பெரும்பாலும் இந்த வகைதான்.

கால்டன் குன்றின் தூண்கள் இந்த வகையில் சேராது. அவற்றின் கதை ஹியூபர்ட்டின் கோட்டைக்குத்தான் நெருக்கம். நெப்போலியனுடனான போர்களில் இறந்த ஸ்காட்லாந்துப் படைவீரர்களுக்கும் கடற்படையினருக்கும் ஒரு நினைவாலயம் வேண்டும் என்று 1816-இல் பேச்சு எழுந்தது. எடின்பரோவுக்கு அப்போதே 'வடக்கின் ஏதென்ஸ்' என்று ஒரு பெயர். அந்தப் பெருமிதத்தில், ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலை அப்படியே பெயர்த்துவைத்தாற்போல் கட்டிவிடுவது என்று முடிவானது. 1822-இல் 42,000 பவுண்டு கேட்டு வேண்டுகோள் விட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டும் ஒருவர். அதே ஆண்டு மன்னர் நான்காம் ஜார்ஜ் ஊருக்கு வந்திருந்த நேரத்தில் தடபுடலாக அடிக்கல்லும் நாட்டியாயிற்று. பணம்தான் வரவில்லை. 16 மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது இருந்தது ஏறத்தாழ 16,000 பவுண்டு.

கேட்டதில் பாதிகூடத் தேறாதபோது திட்டத்தைச் சுருக்குவதுதான் உலக வழக்கம். இவர்கள் அளவைக் குறைக்கவில்லை. 1826-இல் வேலை தொடங்கியது. கோக்கரெல், பிளேஃபேர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள். கல் எடின்பரோவின் கிரெய்க்லீத் கல்குவாரியில் வெட்டிய மணற்கல். பெரிய கற்களில் சிலவற்றைக் குன்றின் மேல் ஏற்ற 12 குதிரைகளும் 70 ஆட்களும் வேண்டியிருந்தது. 1829-இல் பணம் தீர்ந்தது, உளி நின்றது. பார்த்தினானின் வெளிச்சுற்றுத் தூண்கள் 46. இங்கே நின்றது 12. இத்தனைக்கும் அதே குன்றில் வானாய்வகத்தையும் டூகல்ட் ஸ்டூவர்ட் நினைவு மண்டபத்தையும் வடிவமைத்தவர் இதே பிளேஃபேர்தான். அவை இரண்டும் ஒழுங்காக முடிந்தன. ஆகவே கலைஞர்மேல் குறை சொல்ல முடியாது. குறை கொத்தனாரிடமும் இல்லை. அந்தத் தூண்களின் பக்கத்தில் போய்ப் பாருங்கள், வேலை அவ்வளவு சுத்தம்.

சரி, தமிழுக்கு வருவோம். பாழ்மண்டபம் என்று சொல்லலாமா? கூடாது. பாழ் என்றால் ஒரு காலத்தில் முழுதாக இருந்து, பிறகு கெட்டது. குட்டிச்சுவரும் அப்படியே. அங்கே ஒரு வீடு இருந்திருக்க வேண்டும். மூளி என்ற சொல் ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் மூளிப்பானை என்றால் விளிம்பு உடைந்த பானை, மூளிக்காது என்றால் தோடு கழன்ற காது. இருந்தது போன பின்னால் வருவது மூளி. கால்டன் குன்றில் எதுவும் விழவில்லை, உடையவில்லை. எழ வேண்டியது எழவே இல்லை.

இதற்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: மொட்டை. கூரை வேயாத மாடி மொட்டை மாடி. கையெழுத்தில்லாத கடிதம் மொட்டைக் கடிதாசி. மேல்நிலைகள் எழும்பாமல் கல்காரத்தோடு, அதாவது கல்லால் கட்டிய அடிநிலையோடு, நின்றுபோனது மொட்டைக் கோபுரம். திருவரங்கத்தின் தெற்கு ராயகோபுரம் நூற்றாண்டுக் கணக்காக இந்தப் பெயரில்தான் கிடந்தது, 1987-இல்தான் முழுக் கோபுரமாக எழுந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம் இன்றுவரை அப்படியே. மேலே வர வேண்டியது வராமல் நின்றதை மொட்டை என்கிற வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆகவே கால்டன் குன்றில் நிற்பது மொட்டை மண்டபம். 'எடின்பரோவின் மொட்டை மண்டபம்' என்று சொல்லிப் பாருங்கள். கட்டடமும் கண்ணில் தெரிகிறது, கேலியும் ஒரு சிட்டிகை கிடைக்கிறது. மூலச் சொல்லில் இருப்பதும் அந்த இரண்டும்தான்.

தோட்டத்து அன்னாசிக்கு இது பொருந்தாது. அதற்கு வேடிக்கை மண்டபம் போதும். விளையாட்டு மண்டபம் என்று எழுதிவிடாதீர்கள், பூப்பந்து மட்டையோடு ஆள் வந்துவிடுவார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்ற ஊரின் மேல் நிற்கும் மெக்கெய்க் கோபுரம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஊர்க் கல்தச்சர்களுக்குக் குளிர்காலத்தில் வேலை கிடைக்கட்டும், குடும்பப் பெயரும் நிலைக்கட்டும் என்று மெக்கெய்க் என்ற வங்கியாளர் 1897-இல் ரோமின் கொலோசியம் போல ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 1902-இல் அவர் இறந்ததோடு வேலை நின்றது. வெளிச்சுவரும் அதன் வளைவுகளும் மட்டும் மிச்சம், நடுவில் இன்று தோட்டம். கிறுக்கும் உண்டு, குறையும் உண்டு. நான் இதையும் மொட்டையில்தான் சேர்ப்பேன். ஆள் கிறுக்காக இருந்தாலும், வேலையை நிறுத்தியது சாவு.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மொட்டை என்ற பெயர், கட்டடம் முடிந்துவிட்டாலும் சுலபத்தில் போகாது. மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே மேல்நிலைகள் எழுப்பிவிட்டார்கள். மதுரைக்காரர்களுக்கு இன்றும் அது மொட்டைக் கோபுரம்தான், வாசலில் இருக்கும் முனியாண்டியும் மொட்டைக் கோபுர முனியாண்டிதான். எடின்பரோவில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. கூரை போடும் எண்ணம் அங்கே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. 1988 முதல் ஏப்ரல் 30 இரவில் நடக்கும் பெல்டேன் தீத்திருவிழாவுக்கு இந்தத் தூண்கள்தான் பின்திரை. மற்ற நாட்களில் கட்டணம் ஏதும் இல்லாமல் வாட்டர்லூ தெருப் பக்கத்துப் படிகளில் ஏறி யாரும் வந்து உட்காரலாம். தூண்களுக்குக் கீழே இருக்கும் மேடைப் படி மட்டும் மனிதக் காலுக்கு ஏற்ற அளவில் இல்லை, நல்ல உயரம். முதலில் ஏறியவர் கை கொடுத்தால் அடுத்தவர் ஏறலாம்.