ஒளிப்படம் ஓவியத் தோற்றம் பெறுவது எப்படி?

ஒளிப்படத்தை எண்ணெய் வண்ண ஓவியம் போலத் தோன்றச் செய்யும் ஃபில்ட்டர்கள் இன்று ஏறக்குறைய எல்லாப் படத்தொகுப்பு மென்பொருள்களிலும் கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தி முடிவை மட்டும் பார்ப்பவருக்கு அவை விரைவிலேயே சலித்துப்போகின்றன. உள்ளே நடக்கும் கணக்கை அறிந்தவருக்கோ, எந்தப் படம் இதற்கு ஏற்றது, எந்த அளவைக் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் ஃபில்ட்டரைத் தடுக்க வேண்டும் என்பவை காரணத்தோடு விளங்கும். அந்தக் கணக்கின் அடித்தளம் பள்ளியில் நாம் படித்த சராசரியும், மதிப்புகள் அதிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கமும்தான்.

கேமரா தன் முன்னால் இருப்பவற்றுள் எது முக்கியம் என்று பார்ப்பதில்லை. குவியத்தில் இருக்கும் சுவரின் சொரசொரப்பையும் முகத்தின் கண்ணிமையையும் ஒரே நுணுக்கத்தோடு பதிவு செய்கிறது. ஓவியர் ஒரு பரப்பைச் சில தீற்றல்களில் முடித்துவிட்டு, அது முடிந்து அடுத்த பரப்பு தொடங்கும் எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்கிறார். ஆகவே மென்பொருள், பரப்புக்குள் இருக்கும் சிறு வேறுபாடுகளை அழிக்க வேண்டும். அதே நேரத்தில் பரப்புகளுக்கு இடையிலான விளிம்பைக் காக்க வேண்டும். சாதாரணமாக மங்கலாக்கும் ஃபில்ட்டர் முதல் வேலையைச் செய்யும்போதே இரண்டாவதைக் கெடுத்துவிடுகிறது. ஒளி அளவில் 0 கருமை, 255 வெண்மை என்று கொண்டால், இடப்புறத்தில் 200 என்ற அளவுள்ள வெளிர்ச் சுவரும் வலப்புறத்தில் 40 என்ற அளவுள்ள கருங்கதவும் சந்திக்கும் இடத்தில், சுவரின் கடைசி பிக்சலை நடுவில் வைத்து, பக்கத்துக்கு 5 பிக்சல் கொண்ட ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 25 பிக்சல்களில் 15 சுவரைச் சேர்ந்தவை, 10 கதவைச் சேர்ந்தவை. அவற்றின் சராசரி 136. சுவரிலும் இல்லாத, கதவிலும் இல்லாத ஒரு சாம்பல் நிறம் அங்கே வந்து அமர்கிறது. அதைத்தான் நாம் மங்கல் என்று உணர்கிறோம்.

இதற்கு ஓர் அழகான தீர்வை ஜப்பானைச் சேர்ந்த மிச்சியோஷி குவஹாராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய நோக்கம் ஓவியம் அல்ல. கதிரியக்க ஐசோடோப்பைக் கொண்டு எடுக்கப்பட்ட இதய, இரத்தக்குழாய்ப் படங்களில் இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளை, நீக்கி, உறுப்பின் எல்லையைக் காப்பாற்றுவதே அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அவர்கள் அந்த 5×5 சதுரத்தை, நடுப் பிக்சலைப் பொதுவாகக் கொண்ட நான்கு 3×3 சதுரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிட்டு, எந்தச் சதுரத்தில் திட்ட விலக்கம் மிகக் குறைவோ அதன் சராசரியை மட்டும் நடுப் பிக்சலுக்குக் கொடுத்தார்கள். நம் எடுத்துக்காட்டில் இடப்புறத்துச் சதுரங்கள் முழுவதும் சுவராகவே இருப்பதால் அவற்றின் திட்ட விலக்கம் சுழியம். வலப்புறத்துச் சதுரங்களில் சுவரும் கதவும் கலந்திருப்பதால் அது மிக அதிகம். எனவே விடை 200. அடுத்த பிக்சல் கதவைச் சேர்ந்தது. அதற்கு இதே முறையில் 40 கிடைக்கிறது. விளிம்பு இம்மியும் நகரவில்லை, ஆனால் சுவரின் உட்பகுதியில் இருந்த சொரசொரப்பு கரைந்துவிட்டது. மருத்துவப் படத்துக்காகச் செய்த இந்தத் தேர்வு, சாதாரண ஒளிப்படத்தில் தட்டைத் தூரிகையால் தீட்டியது போன்ற திட்டுகளை உண்டாக்குகிறது.

வண்ணப் படத்தில் ஒரு கவனம் தேவை. சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே சதுரத்தைத் தேர்ந்தெடுத்தால், சிவப்பு ஒரு பக்கத்திலிருந்தும் நீலம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து, விளிம்பில் படத்திலேயே இல்லாத நிறங்கள் தோன்றிவிடும். ஆகவே ஒளிச்செறிவைக் கொண்டு சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று நிறங்களின் சராசரியையும் அதே சதுரத்திலிருந்து எடுக்க வேண்டும். கணக்கின் அளவும் சிறிதல்ல. 24 மெகாபிக்சல் படத்தில் ஆரத்தை, அதாவது நடுப் பிக்சலிலிருந்து சதுரம் எட்டும் தூரத்தை, 10 பிக்சலாக வைத்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் 121 பிக்சல் கொண்ட நான்கு சதுரங்களைப் படிக்க வேண்டும். மொத்தம் 1,160 கோடிக்கும் மேற்பட்ட வாசிப்புகள். இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு பிக்சலிலும் அதற்கு மேலேயும் இடப்புறமும் உள்ள எல்லா மதிப்புகளின் கூட்டுத்தொகையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், எவ்வளவு பெரிய செவ்வகத்தின் கூட்டுத்தொகையையும் நான்கு எண்களைக் கொண்டே பெற்றுவிடலாம். இந்த அட்டவணை முறையைக் கணினி வரைகலைக்கு 1984இல் கொண்டுவந்தவர் ஃபிராங்க்ளின் குரோ. மதிப்புகளுக்கு ஓர் அட்டவணையும் அவற்றின் வர்க்கங்களுக்கு ஓர் அட்டவணையும் இருந்தால், சராசரியும் திட்ட விலக்கமும் ஆரம் எதுவாயினும் ஒரே வேகத்தில் கிடைக்கும்.

மூல வடிவத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு: தேர்வு சதுரங்களுக்கு இடையே நடப்பதால், ஆரம் கூடக்கூடப் படம் முழுவதும் சதுரத் திட்டுகள் தென்படும். ஜூசெப்பே பபாரி, நிக்கொலாய் பெட்கோவ், பத்ரீட்சியோ கம்பிசி ஆகியோர் 2007இல் சதுரத்தை விட்டு வட்டத்துக்கு மாறி, அதை எட்டுத் துண்டுகளாக வகுத்தார்கள். ஒரே ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்காமல், திட்ட விலக்கம் குறைந்த துண்டுக்கு அதிக எடை தந்து எல்லாவற்றையும் கலந்ததால், திட்டுகளின் ஓரம் மென்மையானது. 2009இல் கிப்ரியானிடிஸ், காங், டோல்னர் ஆகிய மூவரும் வட்டத்தையும் நீள்வட்டமாக்கி, படத்தின் ஓட்டத்துக்கு ஏற்ப அதைத் திருப்பினார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான அடி இதுதான். ஏனெனில் கூந்தலை அதன் போக்கிலும் கிளையை அதன் வளைவிலும் தீட்டும் தூரிகையின் இயல்பு இங்கேதான் கணக்குக்குள் வருகிறது.

அந்த ஓட்டத்தை மென்பொருள் எப்படி அறிகிறது? ஒவ்வொரு பிக்சலிலும் ஒளி எந்தத் திசையில் வேகமாக மாறுகிறது என்று கண்டால், அதற்குச் செங்குத்தான திசைதான் விளிம்பு ஓடும் திசை. ஆனால் ஒரு பிக்சலின் விடையை நம்ப முடியாது. சுற்றியுள்ளவற்றோடு சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒற்றைத் தலைமுடி போன்ற மெல்லிய கோட்டின் ஒரு பக்கத்தில் ஒளி குறைகிறது, மறுபக்கத்தில் கூடுகிறது. மாற்றத்தின் திசையைக் காட்டும் இரு அம்புகளும் எதிரெதிராக நிற்பதால் நேரடியாகக் கூட்டினால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே மாற்றத்தின் கிடைக்கூறு, நெடுக்கூறு ஆகிய இரண்டின் வர்க்கங்களையும் பெருக்கற்பலனையும் ஓர் அணியாக (எண்களின் கட்டமாக, matrix) அமைத்து, அந்த அணியைச் சராசரி எடுக்கிறார்கள். எதிர்த்திசை அம்புகள் இரண்டுக்கும் இந்த அணி ஒன்றே என்பதால் எதுவும் அழிவதில்லை. அணியின் ஐகன் மதிப்புகள், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முதன்மைத் திசைகளில் மாற்றம் எவ்வளவு என்று சொல்பவை. அவை இரண்டும் சமமாக இருந்தால் அங்கே ஓட்டம் இல்லை, நீள்வட்டம் வட்டமாகவே இருக்கும். ஒன்று மற்றதைவிடப் பெரிதாகும் அளவுக்கு அது நீண்டு மெலியும்.

பிக்சல்களைத் திருத்தாமல், வெற்றுக் கித்தானில் தீற்றல்களை ஒவ்வொன்றாக வைக்கும் வேறொரு மரபும் இருக்கிறது. பால் ஹேபர்லி 1990இல் காட்டிய முறையில், பயனர் சுட்டியை நகர்த்தும் இடத்தில் மூலப்படத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு ஒரு தீற்றல் விழும். ஏரன் ஹெர்ட்ஸ்மன் 1998இல் இதைத் தானியங்கியாக்கினார்: முதலில் பெரிய தூரிகையால் படம் முழுவதையும் நிரப்பி, கித்தானுக்கும் மூலத்துக்கும் வேறுபாடு அதிகமுள்ள இடங்களில் மட்டும் சிறிய தூரிகையால் வளைந்த தீற்றல்களைச் சேர்க்க வேண்டும். 2015இல் கேட்டிஸ், எக்கர், பெத்கே ஆகியோர் நரம்பு வலையமைப்பு எனப்படும், படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி நிரலின் வழியாக ஓவியர் வான் கோவின் நடையை ஒளிப்படத்துக்கு மாற்றிக் காட்டியது இவற்றிலிருந்து விலகிய மூன்றாவது வழி. அங்கே நடை என்பது வலையமைப்பின் பண்புகளுக்கு இடையிலான தொடர்புகளின் புள்ளிவிவரமாகிவிடுவதால், ஒரு குறிப்பிட்ட தீற்றலை நாம் கட்டுப்படுத்துவது கடினம். பொழுதுபோக்காகப் பயில்பவருக்கு, அளவுகள் கைக்குள் அடங்கும் குவஹாரா வழியே நல்ல தொடக்கம் என்று கருதுகிறேன்.

பயிலும்போது முதலில் கவனிக்க வேண்டியது படத்தின் அளவு. ஆரம் பிக்சலில் கணக்கிடப்படுவதால், 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் கண்ணுக்கே படாத 5 பிக்சல் ஆரம், 1,500 பிக்சலாகச் சுருக்கிய படத்தில் நான்கு மடங்கு பெரிய தூரிகையாகிவிடும். எனவே வேண்டிய அளவுக்குப் படத்தைச் சுருக்கிய பிறகே ஃபில்ட்டரை இட வேண்டும். கூர்மையூட்டலை அதற்கு முன் செய்யக் கூடாது. அது விளிம்பைச் சுற்றி விடும் வெளிர்க்கோட்டை ஃபில்ட்டர் உண்மையான பரப்பாகக் கருதிப் பட்டையாக்கிவிடும். வானம் போன்ற வெறுமையான பரப்பிலும் எச்சரிக்கை வேண்டும். அங்கே எல்லாத் துண்டுகளின் திட்ட விலக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சென்சாரின் இரைச்சலே முடிவு செய்து, பொருளற்ற திட்டுகளை உண்டாக்குகிறது. உயர்ந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) எடுத்த படங்களுக்கு முதலில் இரைச்சலைக் குறைப்பது அவசியம். பக்கவாட்டு வெயிலில் நிழல் தெளிவாக விழுந்த படங்களும் இலை, புல், கூந்தல் நிறைந்த படங்களும் இந்த முறைக்கு மிக நன்றாக இசைகின்றன.

முகந்தான் எல்லாவற்றிலும் கடினமானது. கண்ணுக்கு உயிர் தரும் ஒளிப்புள்ளி சில பிக்சல்களே இருக்கும். அது தேர்வுச் சதுரத்தைவிடச் சிறியதாக இருந்தால் சராசரியில் கரைந்து, பார்வை மந்தமாகிவிடும். ஆகவே ஆடைக்கும் பின்புலத்துக்கும் பெரிய ஆரம், முகத்துக்குச் சிறிய ஆரம் என்று இரண்டு நகல்களை உருவாக்கி, ஒன்றின் சில பகுதிகளை மறைத்து மற்றதைக் காட்டும் லேயர் மாஸ்க் கொண்டு இணைப்பது நல்லது. மாஸ்க்கின் எல்லையைக் கன்னத்தின் நடுவில் விடாமல் தாடையோரத்திலும் கூந்தல் விளிம்பிலும் பொருத்தினால், அங்கே ஏற்கெனவே இயல்பான விளிம்பு இருப்பதால் இணைப்பு தெரியாது.