ஒரு தோல், மூன்று கணக்கு

ஈஆர்பி, அதாவது ஒரு கம்பெனியின் சரக்கு, பில், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர். அதற்குக் கன்சல்டன்ட் வேலைக்கு வந்த புதிதில் சாஃப்ட்வேர் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பைக் கலைத்தது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், குடோன்.

உப்புத் தோலை எடை போட்டு இறக்குவார்கள். ட்ரம்மில் ரசாயனம் போடுவதும் எடைக்கு இத்தனை சதவீதம் என்றுதான். ஆள் கைமாற்றுவதெல்லாம் பீஸ் கணக்கு. விற்கும்போது சதுர அடி. சில ஏற்றுமதி ஆர்டருக்குச் சதுர டெசிமீட்டர், அதாவது அடிக்கு 9.29.

நான் போட்டுக்கொடுத்த ஈஆர்பி எஸ்ஏபி. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடிப்படை அளவை முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஃபினிஷ் தோலுக்கு பீஸ் என்று வைத்தேன். ஒரு பீஸுக்கு 20 சதுர அடி என்று சராசரியும் ஏற்றினேன். டெஸ்டிங்கில் பத்து வரி போட்டோம், கணக்கு கச்சிதம். இருக்காதா பின்னே, பத்தும் நானே தட்டிய வரிகள்!

ஸ்டோர் பார்த்த பாய் மட்டும் கேட்டார்: "ஏன் தம்பி, எந்த ரெண்டு தோலுப்பா ஒரே அளவுல இருக்குது?" அவருடைய நீள நோட்டில் லாட்டுக்கு லாட் பென்சிலால் மூன்று எண்கள்: கிலோ, பீஸ், அடி. சிரித்துவிட்டு வந்தேன்.

கோ-லைவ் ஆகி, அதாவது சாஃப்ட்வேர் நிஜ வேலைக்கு வந்து, இரண்டாம் மாதம் ஒரு லாட் லாரி ஏறியது. 500 பீஸ், அளவு மெஷினில் 11,200 சதுர அடி. பில் அடியில் போட்டதால் கம்ப்யூட்டர் 560 பீஸைக் கழித்துவிட்டது. ரேக்கில் தோல் இருக்கிறது, ஸ்கிரீனில் இல்லை. ஸ்டாக் உள்ளே வந்த பிறகு அடிப்படை அளவை மாற்ற முடியாது என்பது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அதே தோலுக்குப் புது பொருள் கோட் திறந்து, சரக்கை எண்ணி மாற்ற மூன்று ராத்திரி. இந்தத் தடவை ஒவ்வொரு பேட்ச்சுக்கும், அதாவது லாட்டுக்கும், தனி மாற்று விகிதம் வைத்தோம். வேறொன்றுமில்லை, பாயின் நோட்டேதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலாளிகளுக்குச் சொல்கிறேன்: டிசைனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கன்சல்டன்ட்டை ஒரு மாதக் கடைசி ஸ்டாக் எடுப்புக்குக் குடோனில் நிற்கவையுங்கள். டெஸ்டிங்குக்கு உங்கள் பழைய லாட்டுகளைக் கொடுங்கள். கணக்கு உதைத்த லாட்டாகப் பார்த்துக் கொடுங்கள்.

எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசியில் கடைசியாக வந்த வெளியீடுகளுக்கும் வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்குப் போகிறவர்கள் இதுபோன்ற சராசரிகளையும் மூட்டை கட்டி எடுத்துப்போக வேண்டாம். கோட் புதிதாகத் திறக்க இதைவிட நல்ல சமயம் வராது, அப்போது அதில் ஸ்டாக் இருக்காது.